மனதைக் கவனித்தல்: பௌத்த தியானம் குறித்து மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அருகில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் அமர்கிறோம். ஆசிரியர் என்று எவரும் இல்லை; நெடுநாள் பழகியவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். அமர்ந்து எழுந்து தேநீர் குடிக்கும்போது எழுகிற ஐயங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, எனக்குத் தெரிந்த விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

தியானம்னா மனசுல எந்த நினைப்பும் இல்லாம ஆக்குறதுதானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தாலேயே பலர் மூன்றாம் நாளில் விட்டுவிடுகிறார்கள் என்பதால் இதை முதலில் வைத்திருக்கிறேன். காது திறந்திருந்தால் ஒலி கேட்பது போல, மனம் விழித்திருந்தால் நினைப்பு வரும். தியானப் பழக்கத்துக்கு அடிப்படையான சதிபட்டான உரை, புத்தரின் உரைகளைத் தொகுத்த பழைய பாலி நூல்களான நிகாயங்களுள் மஜ்ஜிம நிகாயத்தில் 10-ஆவதாக இருப்பது, ஆசை கொண்ட மனதை ஆசை கொண்ட மனம் என்றும், ஆசை நீங்கிய மனதை ஆசை நீங்கிய மனம் என்றும், சிதறிய மனதைச் சிதறிய மனம் என்றும் அறியச் சொல்கிறது. சிதறலை முழுக்க ஒழித்துவிட்டு வந்து அமருமாறு அது எங்கும் கேட்கவில்லை. சிதறலும் அங்கே அறியப்பட வேண்டிய பொருள்களில் ஒன்றாகவே இருக்கிறது.

'சதி' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர்களுக்குச் சூழ்ச்சி என்ற பொருளே தோன்றுகிறது. பாலி மொழியின் 'சதி' வடமொழியின் 'ஸ்மிருதி'க்கு இணையானது. நினைவு என்பது அதன் வேர்ப்பொருள். செய்துகொண்டிருப்பதை மறந்துவிடாமல் இருத்தல் என்று அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்ப முதல் நாள் உக்காந்து என்னதான் செய்யணும்?

காலையில் பதினைந்து நிமிடம் போதும். முதுகை விறைப்பில்லாமல் நிமிர்த்தி அமர்ந்து, கண்களை மூடி, மூக்குத் துவாரங்களிலோ மேலுதட்டுக்கு மேலோ மூச்சு உரசிச் செல்வது எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள். மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்றும் குறுகலாக வந்தால் குறுகல் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இழுக்கவோ அடக்கவோ எண்ணிக்கைக்குக் கட்டுப்படுத்தவோ வேண்டாம்; அது பிராணாயாமம், அதன் நோக்கமும் முறையும் வேறு. கவனம் கடைக்கணக்குக்கோ பிள்ளையின் பரீட்சைக்கோ போய்விட்டதை எந்தக் கணத்தில் அறிகிறீர்களோ அந்தக் கணத்தில் உங்களை நொந்துகொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். அறிவதும் திரும்புவதுமே பயிற்சி. ஒரு அமர்வில் ஐம்பது முறை திரும்பினால் ஐம்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மூச்சைப் பற்றிய முழு விளக்கம் மஜ்ஜிம நிகாயத்தின் 118-ஆம் உரையில், நான்கு நான்காகப் பதினாறு படிகளில் இருக்கிறது: முதல் நான்கு உடலைப் பற்றியவை, அடுத்த நான்கு நுகர்ச்சியைப் பற்றியவை, பின்னர் மனம், கடைசியில் நிலையாமை முதலான இயல்புகள். தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு படிகளே பல மாதங்களுக்குப் போதும். எண்ணினால்தான் மூச்சில் நிற்க முடிகிறது என்பவர்கள் எண்ணலாம். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கம் என்ற தியான வழிகாட்டி நூலை எழுதிய புத்தகோசர், ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணச் சொல்கிறார். பர்மாவின் மகாசி சயாடோ (1904–1982) வழியில் பழகுகிறவர்கள் வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிப்பார்கள். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றாக மட்டும் மாற்றாதீர்கள்.

மூட்டு வலி இருக்கு, சம்மணம் போட முடியாது. நாற்காலியில உக்காரலாமா?

தாராளமாக அமரலாம். பாதங்கள் இரண்டும் தரையில் படியட்டும், முதுகு சாய்மானத்தை நம்பாமல் இருக்கட்டும். நடத்தல், நிற்றல், அமர்தல், படுத்தல் ஆகிய நான்கு நிலைகளும் பயிற்சிக்கு உரியவை என்றே சதிபட்டான உரை சொல்கிறது.

ஆடி மாசம் பூரா எங்க தெருவுல ரேடியோ செட்டு. இந்தச் சத்தத்துல எப்படி உக்காருறது?

சன்னலைச் சாத்த முடிந்தால் சாத்துங்கள். வேண்டுமென்று சத்தத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. சாத்தியும் கேட்கிறது என்றால் அதையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நம் மொழியில் அருமையான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் முப்பதாவது காதை, துன்பம் தோன்றும் வரிசையைப் பன்னிரண்டு கண்ணிகளாகத் தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இவற்றில் நடுவே வரும் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று ஆகிய நான்கையும் உங்கள் தெரு ஒலிபெருக்கியை வைத்தே பார்த்துவிட முடியும்.

ஒலி காதில் வந்து படுகிறது, அது ஊறு. உடனே ஒரு கசப்பு எழுகிறது. அது நுகர்வு; இனிமை, துன்பம், இரண்டுமில்லாமை என்ற மூன்றில் ஒன்றாக அது இருக்கும். அடுத்து, 'இது நிற்க வேண்டும்' என்ற உந்துதல் வருகிறது. இன்பத்தை இழுப்பது போலவே துன்பத்தைத் தள்ளுவதும் வேட்கையின் கணக்கில்தான் சேர்கிறது. பிறகு, 'இந்தத் தெருக்காரர்களுக்கு அறிவே கிடையாது, போன வருடமும் இப்படித்தான்' என்று ஒரு கதை நீளுகிறது, அது பற்று. ஒலி பட்டதற்கு நீங்கள் பொறுப்பில்லை, கசப்பு எழுந்ததற்கும் பொறுப்பில்லை. கசப்புக்கும் உந்துதலுக்கும் இடையில் ஒரு நூலிழை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைக் காணப் பழகுவதே பௌத்த தியானத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். பின்னால் வரும் பல விடைகளில் இந்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் வருவேன்.

என் மனசு குரங்கு மாதிரி தாவிக்கிட்டே இருக்கு. எனக்கு இது சரிப்படாதோ?

இந்த உவமையைப் புத்தரும் சொல்கிறார், ஆனால் குறை சொல்வதற்காக அன்று. அழகர்கோயில் படிகளில் குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு கிளையைப் பிடிக்கும், விடும், இன்னொன்றைப் பிடிக்கும். சம்யுத்த நிகாயத்தில் வரும் உரை, மனம் என்று நாம் அழைப்பது இவ்வாறே இரவும் பகலும் ஒன்றாகத் தோன்றி வேறொன்றாக மறைகிறது என்கிறது. அதே உரையில் வியப்பான ஒரு செய்தி இருக்கிறது: எதையாவது 'நான்' என்று பிடித்துக்கொண்டே ஆக வேண்டுமானால் மனதைவிட உடலைப் பிடித்துக்கொள்வது மேல், உடலாவது நூறு ஆண்டு நிற்பதாகத் தெரிகிறது என்கிறார். தாவுதல் உங்கள் தனிப்பட்ட நோய் என்று நினைத்தீர்கள். அது மனம் என்ற நிகழ்ச்சியின் இயல்பு. அதை நேரில் கண்ட அளவுக்குப் பயிற்சி உங்களுக்குச் சரிப்பட்டிருக்கிறது.

மற்றொரு உரையில் பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு ஆகிய ஆறையும் தனித்தனிக் கயிற்றில் கட்டி, ஒரு வலுவான தூணில் பிணைப்பதாக உவமை வருகிறது. ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு இழுக்கும். களைத்துப்போனதும் தூணின் அருகில் படுத்துவிடும். ஆறும் கண் முதலிய ஆறு புலன்கள், தூண் உடலின் மீதான கவனம். விலங்குகளைக் கொல்லச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உக்காந்த அஞ்சாவது நிமிஷம் தூக்கம் வந்துருது. என்ன பண்றது?

முதலில், இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று பாருங்கள். கடையை அடைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு மேல் வீடு சேர்கிறவருக்கு ஐந்து மணிக்கு வரும் தூக்கம் நியாயமான தூக்கம். அவர் அமரும் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

போதிய உறக்கம் இருந்தும் வருகிறது என்றால், மொக்கல்லானர் தூங்கி விழுந்தபோது புத்தர் வரிசையாகக் கூறிய வழிகள் அங்குத்தர நிகாயத்தில் இருக்கின்றன: எந்த எண்ணத்தில் தூக்கம் வந்ததோ அதை விடுவது, கேட்ட அறத்தைச் சிந்திப்பது, அதை வாய்விட்டு ஓதுவது, காதுகளை இழுத்து உடலைத் தேய்ப்பது, எழுந்து கண்களை நீரால் கழுவித் திசைகளையும் விண்மீன்களையும் நோக்குவது, ஒளியை மனத்தில் நினைப்பது, நடப்பது. எதுவும் பயன்படாவிட்டால், எழும் நேரத்தை மனத்தில் வைத்து வலப்புறமாகப் படுத்துவிடச் சொல்கிறார். மொக்கல்லானர் பின்னாளில் தலைமைச் சீடர் இருவரில் ஒருவராகக் கருதப்பட்டவர் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கிறது.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்குதானே? இல்ல, நம்ம சமணர் மலையில இருந்தவங்களும் பௌத்தர்தானா?

இரண்டும் சரியில்லை. கீழக்குயில்குடிச் சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு ஆகிய குன்றுகளில் காணப்படும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் சமணருக்கு, அதாவது ஜைனருக்கு, உரியவை. 'சமணர்' என்ற சொல் பாலியின் 'சமண', வடமொழியின் 'சிரமண' என்பதோடு உறவுடையதாக இருப்பதாலும், பௌத்தத் துறவியரையும் பாலி நூல்கள் அப்படி அழைப்பதாலும் இந்தக் குழப்பம் நேர்கிறது. (அந்தப் படுக்கைகளில் போய் அமர்ந்து தியானம் செய்ய விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: பாறையில் விளக்கேற்றவோ கிறுக்கவோ வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுகளாக நின்ற எழுத்து ஒரு மாலையில் அழிந்துவிடும்.)

பௌத்தர்களும் மதுரையில் இருந்தார்கள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பௌத்தப் பள்ளி, அந்தணர் பள்ளி, சமணர் பள்ளி ஆகியவற்றை அடுத்தடுத்து வருணிக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன், மதுரையில் சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கித்தான், குருடரும் செவிடரும் நோயாளிகளும் ஆகிய எல்லோரையும் அழைத்து உணவளிக்கிறான். அமுதசுரபியை அவனுக்கு அளித்தவளும் அந்தத் தேவியே. ஆனால் இன்று நாம் செய்யும் முறைகளின் தொடர்ச்சி தமிழ்நாட்டில் அறுபட்டு, பர்மா, இலங்கை, ஜப்பான், திபெத் வழியாகத் திரும்பி வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதைப் பண்ணினா மதம் மாறணுமா? மீனாட்சி கோயிலுக்குப் போறதை விட்டுறணுமா?

வேண்டியதில்லை. மூச்சைப் பார்ப்பதற்கு எந்த மதச் சடங்கும் நுழைவுச் சீட்டாகக் கேட்கப்படுவதில்லை. கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில் 1996-இல் தொடங்கப்பட்ட போதி ஜென்டோ என்ற ஜென் தியான நிலையத்தை நிறுவிய அமா சாமி ஒரு இயேசு சபைப் பாதிரியார். ஜப்பானிய ஜென் ஆசிரியர் யமாதா கோவுனிடம் பயின்றவர். எங்கள் மாடியிலும் ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிற ஒருவரும், வெள்ளிதோறும் அம்மன் சன்னதிக்குப் போகிற இருவரும் இருக்கிறார்கள்.

அதேசமயம், பௌத்தத்தைத் தங்கள் சமயமாகவே ஏற்றுக்கொண்ட தமிழர்களின் வரலாறும் உண்டு. 1898-இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அவர்களுக்குப் பௌத்தம் சாதி மறுப்பும் மான வாழ்வும் ஆகும். 'வெறும் நுட்பம், மதமே இல்லை' என்று சொல்லி அந்த வரலாற்றைத் துடைத்துவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. யார் எந்த வாசல் வழியாக வந்தாலும், ஐந்து ஒழுக்கங்கள் மட்டும் எல்லோருக்கும் பொது: கொல்லாமை, திருடாமை, தவறான காமத்தில் ஈடுபடாமை, பொய் சொல்லாமை, மது அருந்தாமை. பகலில் ஒருவரை ஏமாற்றிவிட்டு மாலையில் அமர்ந்தால் மனம் என்னவாக இருக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியிருக்காது.

பத்து நாள் முகாமுக்குப் போனாத்தான் வருமா?

போவது நல்லது, போகாமலும் தொடங்கலாம். மண்டலேயில் பிறந்து, சயாஜி ஊ பா கினிடம் பயின்று, 1969-இல் இந்தியா வந்த எஸ். என். கோயங்கா (1924–2013) வகுத்த பத்து நாள் முறையே இங்கு அதிகம் அறியப்பட்டது. மதுரைக்காரர்கள் பெரும்பாலும் காந்திகிராமத்துக்கு அருகில் செட்டியபட்டியில் உள்ள தம்ம மதுரா நிலையத்துக்குப் போகிறார்கள். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சில்லை, கைப்பேசி இல்லை, படிக்கவும் எழுதவும் இல்லை. முதல் மூன்று நாளும் மூச்சு, நான்காம் நாளில் விபஸ்ஸனா (அது என்ன என்பது அடுத்த கேள்வியில்). கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் பின்வருகிறவர்களுக்காகக் கொடுக்கலாம்.

மூன்று மாதமாவது வீட்டில் தினமும் அமர்ந்து பழகிய பிறகு போகும்படி நான் சொல்வேன். முன்பழக்கமே இல்லாமல் போய் இரண்டாம் நாள் மூட்டையைக் கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் கீழே உள்ள தனிக் கேள்வியைப் படித்த பிறகு முடிவெடுக்க வேண்டும்.

விபஸ்ஸனாங்கிறது வேற, அமைதியா உக்காருறது வேறயா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

ஒரே அமர்வுக்குள் இரண்டும் நடக்கும், ஆனால் இரண்டின் பயனும் வேறு. ஒரே பொருளில் மனதை நிறுத்தி அமைதியடையச் செய்வது சமதம். அந்த அமைதியைக் கொண்டு, எழுவதும் மறைவதும் எப்படி நிகழ்கின்றன என்று பார்ப்பது விபஸ்ஸனா. வைகையில் தண்ணீர் கலங்கி ஓடும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியாது. தெளிவது சமதம்; கல்லைப் பார்ப்பது விபஸ்ஸனா. தெளிந்த நீரின் குளிர்ச்சியிலேயே திளைத்து, குனிந்து பார்க்காமல் எழுந்துபோகிறவர்களும் உண்டு. அமைதியும் ஒரு நுகர்வு. ரேடியோ செட் பற்றிய விடையில் சொன்ன வரிசை அதற்கும் பொருந்தும். இனிய நுகர்வு, 'நாளையும் இது வேண்டும்' என்ற வேட்கை, 'நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை' என்ற பற்று.

முழங்கால் உயிர் போகுது. அசையாம பொறுத்துக்கணுமா?

பொறுமையைச் சோதிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. சம்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமை வருகிறது: உடலில் வலி ஒரு அம்பு, அந்த வலியைக் குறித்த புலம்பலும் எதிர்ப்பும் இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவருக்கும் முதல் அம்பு தைக்கும். வலி வந்ததும் அதைக் கூர்ந்து பாருங்கள்: அது ஒரே கட்டியாக இருக்கிறதா, குத்தல், எரிச்சல், துடிப்பு என்று நொடிக்கு நொடி மாறுகிறதா? 'தாங்க முடியாது' என்ற சொல் மனத்தில் தோன்றும் முன்பு இருந்த வலியும் தோன்றிய பின் இருக்கும் வலியும் ஒன்றா? இரண்டு மூன்று நிமிடம் பார்த்த பிறகும் காலை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றும் எண்ணத்தையும் மாற்றுவதையும் மாற்றியபின் வரும் சுகத்தையும் தெரிந்தே மாற்றுங்கள். மரத்துப்போதல் எழுந்து நடந்த பிறகும் விடாமல் இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, நாற்காலிக்கு மாறிவிடுங்கள்.

'நான்' இல்லைன்னு சொல்றீங்க. அப்ப தியானம் பண்றது யாரு?

எல்லோரும் இறுதியில் வந்து நிற்கும் கேள்வி இது, அதனால் சற்று நீட்டிச் சொல்கிறேன். 'நான்' என்று நாம் சொல்லும்போது எதைச் சுட்டுகிறோம் என்று பௌத்தம் ஐந்து பகுதிகளாகப் பிரித்துத் தேடுகிறது. மணிமேகலை அவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்று அழைக்கிறது: உடல், இன்ப துன்ப நுகர்ச்சி, 'இது மல்லிகை, இது பிச்சி' என்று அடையாளம் காணல், விருப்பும் முனைப்பும் பழக்கமுமாகிய மன ஆக்கங்கள், அறிதல். சம்யுத்த நிகாயம் இந்த ஐந்தையும் முறையே நுரை, நீர்க்குமிழி, கானல், வாழைமரம், மாயவித்தை ஆகியவற்றுக்கு ஒப்பிடுகிறது. சோழவந்தான் பக்கம் குலை வெட்டிய வாழையை உரித்துப் பார்த்தவர்களுக்கு நான்காவது உவமை உடனே பிடிபடும்: மட்டைக்குள் மட்டை, அதற்குள் மட்டை; வைரம் பாய்ந்த கட்டை எங்கும் இல்லை. ஆனாலும் மரம் நின்றது, குலை தள்ளியது. ஒரு வைரக்கட்டை இல்லாததால் மரம் பொய்யாகிவிடவில்லை.

அமர்ந்திருக்கும்போது இதைச் சோதிக்கலாம். அடுத்து என்ன நினைப்பு வரப்போகிறது என்று காத்திருங்கள். ஒரு நினைப்பு வரும். அதை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, அல்லது அது வந்த பிறகு 'நான் நினைத்தேன்' என்று ஒட்டிக்கொண்டீர்களா? 'நான் நினைத்தேன்' என்பதும் இன்னொரு நினைப்பாகவே வந்ததா? தியானம் நடக்கிறது, முயற்சி, கவனம், அறிதல் எல்லாம் தத்தம் காரணங்களால் எழுந்து வேலை செய்கின்றன. அவற்றுக்குப் பின்னால் அமர்ந்து கயிறு இழுக்கும் ஒருவரைத் தேடித்தேடியும் உங்களால் காண முடியாமல் போவதே இந்தக் கேள்விக்கு விடை. என் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை.

அன்றாட வாழ்வில் பெயரும் பொறுப்பும் கடனும் அப்படியே இருக்கும். 'நான் இல்லை, ஆகவே வாங்கிய பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது' என்று கேட்பவர், வாழைமரம் பற்றிச் சொன்னதன் பின்பாதியைக் கேட்கவில்லை.

ரமணருக்கு நம்ம ஊர்லதானே ஞானம் வந்துச்சு? அவர் சொன்ன 'நான் யார்'ங்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

1896-இல், பதினாறு வயதில், மீனாட்சி கோயிலுக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் திடீரென்று மரண பயம் பிடிக்க, பிணம் போலப் படுத்து 'சாவது எது' என்று உள்ளே விசாரித்தார் ரமணர். அந்த வீடு இன்று ரமண மந்திரம். உள்ளே போய் அமரலாம், நானும் அமர்ந்திருக்கிறேன். 'நான்' என்ற எண்ணத்தை எதிர்கொண்டு அதன் மூலத்தை நேரில் தேடும் துணிவில் இரண்டு வழிகளும் மிக நெருங்கியவை.

சொல்லும் முடிவில் வேறுபாடு இருக்கிறது, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ரமணர் தேடலின் முடிவில் என்றும் உள்ள ஆன்மாவைச் சொல்கிறார். புத்தரிடம் வச்சகோத்தர் என்ற துறவி 'ஆன்மா உண்டா' என்று கேட்டபோது அவர் பேசவில்லை; 'அப்படியானால் இல்லையா' என்று கேட்டபோதும் பேசவில்லை. உண்டு என்றால் நிலைபேறு வாதம், இல்லை என்றால் அழிவு வாதம், கேட்டவரோ மேலும் குழம்புவார் என்று பிறகு தன் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொன்னார். இரண்டையும் மதிக்கிறவர், பழகும் காலத்தில் ஒன்றின் சொற்களோடு நிற்பது நல்லது.

மனசோட உண்மையான இயல்பு ஒளின்னு சொல்றாங்களே, அது என்ன?

அங்குத்தர நிகாயத்தின் தொடக்கத்திலேயே, இந்த மனம் ஒளியுடையது, வந்து சேரும் மாசுகளால் மாசுபடுகிறது என்ற சிறு உரை வருகிறது. அதன் பொருளில் மரபுகள் பிரிகின்றன. இலங்கை, பர்மா வழக்கான தேரவாதத்தின் உரைகாரர்கள் அது பவங்கம் என்ற அடிமன ஓட்டத்தைக் குறிப்பதாகக் கொள்கிறார்கள். திபெத்தின் மகாமுத்திரை, சோக்சென் மரபுகள் மனதின் இயல்பை வெறுமையும் அறிதலும் பிரிக்க முடியாமல் இருப்பது என்று சொல்லி, அதை ஆசிரியர் சீடருக்கு நேரடியாகச் சுட்டிக்காட்ட வேண்டும் என்கின்றன. ஜென் அதைக் காண்பதைக் கென்ஷோ என்கிறது.

மகாமுத்திரையில் தொடக்கத்திலேயே தரப்படும் ஒரு ஆய்வை மட்டும் இங்கே சொல்லலாம். மனம் ஓரளவு அமைந்திருக்கும்போது ஒரு நினைப்பைப் பாருங்கள்: அது எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது, அதற்கு நிறமோ வடிவமோ உண்டா, எங்கே போனது? எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்டுபிடிக்க முடியாமையும் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தெரிதலையே ஒரு பொருளாக்கி 'இதுதான் நான்' என்று பிடித்துக்கொண்டால் வாழையில் மறுபடியும் ஒரு கட்டையை நட்டுவிட்டோம்.

எனக்கு நெத்தியில வெளிச்சம் தெரிஞ்சது, உடம்பே இல்லாத மாதிரி ஆயிருச்சு. ஞானம் வந்துருச்சா?

நல்ல அறிகுறியாக இருக்கலாம். ஞானம் என்று முடிவு கட்ட வேண்டாம். விசுத்திமக்கம், விபஸ்ஸனாவில் முன்னேறுகிறவருக்கு வரும் பத்து மாசுகளைப் பட்டியலிடுகிறது, முதலாவதே ஒளி. கூர்மையான அறிவு, பரவசம், அமைதி, சுகம், நம்பிக்கை, ஊக்கம், உறுதியான கவனம், சமநிலை ஆகியவை தொடர்கின்றன. இவையெல்லாம் நல்லவையே, பத்தாவதாக வரும் நுண்ணிய பற்றே மற்ற ஒன்பதையும் மாசாக்குகிறது. முதல் முகாம் முடிந்து வீடு திரும்பிய நான் இரண்டு நாள் காற்றில் நடப்பது போல் இருந்தேன். மூன்றாம் நாள் சொத்துப் பேச்சில் என் அண்ணனிடம் கத்தினேன். கத்திய அந்த மாலைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன். தியானம் பண்ணினா நிறுத்திறலாமா?

நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் அளவைக் குறைக்கவும் கூடாது. தீவிரத் தியானம் சிலருக்குப் பயம், உறக்கமின்மை, தன் உடலும் சுற்றுப்புறமும் அந்நியமாகத் தோன்றுதல் ஆகியவற்றைக் கொண்டுவருவது உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய அனுபவங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, அண்மைக்கால அதிர்ச்சி ஆகியவை இருந்தால் முகாமுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவரிடமும் நிலையத்திடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் அமரும்போது பயம் பெருகினால் கண்களைத் திறந்து, எழுந்து நடந்து, தரையில் பாதம் படுவதைக் கவனியுங்கள், யாரிடமாவது பேசுங்கள். அது தோல்வி இல்லை. தொடர்ந்து உறக்கம் கெட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, தியானத்தை நிறுத்திவிட்டு அன்றே உதவி தேடுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416.

எத்தனை வருஷம் ஆகும்? ஒண்ணுமே மாறுன மாதிரி தெரியலையே.

சதிபட்டான உரையின் முடிவில், முறையாகப் பழகினால் ஏழு ஆண்டில் என்று தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, ஏழே நாளில் கூடப் பலன் என்று வருகிறது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். தச்சரின் வாய்ச்சிப் பிடியில் விரல் பட்டுப்பட்டுப் பள்ளம் விழுகிறது. இன்று இவ்வளவு தேய்ந்தது என்று அவரால் சொல்ல முடியாது, தேய்ந்த பிறகு தேய்ந்திருக்கிறது என்று தெரியும் என்று புத்தர் ஓர் உவமை சொல்கிறார். ரேடியோ செட் போட்ட தெருவில் கோபம் எத்தனை நேரம் நின்றது என்பதைப் போன ஆடியோடு இந்த ஆடியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாத்தையும் தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா, பெத்தவங்க பிள்ளைங்க மேல பாசம் போயிராதா?

இந்த அச்சம் எனக்கும் இருந்தது. சமநிலைக்கு அருகிலேயே நின்று அதைப்போல் வேடமிடும் பகை, அறியாமையால் வரும் அக்கறையின்மை என்று விசுத்திமக்கம் எச்சரிக்கிறது. அன்பைப் போல் வேடமிடுவது பற்று. வீட்டில் ஒருவர் அழும்போது 'நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்' என்று அசையாமல் இருப்பவர் தவறாகப் பழகியிருக்கிறார். அதனால்தான் அமர்வின் முடிவில் ஐந்து நிமிடம் மைத்திரி செய்கிறோம்: தனக்கும், வேண்டியவருக்கும், முன்பின் தெரியாதவருக்கும், ஒவ்வாதவருக்கும் நலம் விழைதல்.

என் அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், 'இது எப்போது முடியும்' என்ற எண்ணமும், அப்படி நினைத்துவிட்டேனே என்ற குற்றவுணர்வும் சேர்ந்து வந்து, என் கைகள் அவசரப்பட்டன. அம்மா முகம் சுளிப்பார். சலிப்பைச் சலிப்பு என்று அறிந்து, அதை வேட்கையாக நீளவிடாமல் ஒரு மூச்சு நேரம் நின்ற பிறகு தொட்டபோது, கைகள் மெதுவாயின. பாசம் குறைந்ததாக நான் அறியவில்லை. அவர் தோள் எவ்வளவு இலேசாகிவிட்டது என்பது அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.